சைக்கிளை விட்டு இறங்கு

“மவுண்டன் பைக்கைப் பத்தி எழுத நமக்கு என்ன இருக்கு தோழர்? காசு கொழுத்தவன் மலையில போய் உருண்டு விழுறதுக்குக் கண்டுபிடிச்ச விளையாட்டு அது.”

இப்படியொரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் கேட்டது இது. அவர் கேட்டதில் பாதி நியாயம்தான். நல்ல மவுண்டன் பைக் ஒன்றின் விலையில் எங்கள் பக்கத்துக் கூலிக் குடும்பம் ஒரு வருஷம் அடுப்பெரிக்கலாம். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சேரியில் அப்போது இருந்த மூன்றோ நான்கோ சைக்கிள்களில் அது ஒன்று. டவுனுக்குப் போகும்போது என்னைக் கேரியரில் உட்கார வைத்துக்கொள்வார். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவார். என்னையும் இறக்கிவிட்டு, தெரு முடிகிற புளியமரம் வரைக்கும் தள்ளிக்கொண்டே நடப்பார். அப்புறம்தான் ஏறுவார். “ஏன் பெரியப்பா எறங்குறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “இந்த எடத்துல செயின் கழண்டுக்கும்டா” என்றார். ரொம்ப நாளைக்கு நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் மட்டும் செயின் ஏன் கழல்கிறது என்று யோசிக்கிற வயசு வந்தபோது, அவரிடம் போய் மறுபடி கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் அது. அதனால்தான் உலகத்தின் எந்த மூலையிலாவது ‘இந்த வழியில் சைக்கிளில் போகலாம், அந்த வழியில் இறங்கித்தான் போகணும்’ என்று யாராவது பேசினால் எனக்குக் காது நிமிர்ந்துகொள்கிறது. மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் இதைத்தான் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நம் தம்பி ஒருவனின் அறையில் பத்து நாள் தங்கினேன். “அண்ணே, மியூசியமெல்லாம் அப்புறம் பாக்கலாம், மொதல்ல மலைக்குப் போவோம்” என்று இரண்டு மவுண்டன் பைக்குகளை வாடகைக்கு எடுத்துவிட்டான். ரயிலில் ஏற்றிக்கொண்டு எடேல் என்கிற சின்ன ஸ்டேஷனில் போய் இறங்கினோம். பீக் டிஸ்ட்ரிக்ட் என்கிற மலைநாடு அது. ஒரு பக்கம் ஷெஃபீல்ட், இரும்பு உருக்கிய நகரம். இன்னொரு பக்கம் மான்செஸ்டர், பஞ்சு நூற்ற நகரம். இரண்டுக்கும் நடுவில் மலை. 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம்.

எடேலிலிருந்து ஹேஃபீல்ட் ஊருக்கு மலையைத் தாண்டிப் போகிற பழைய வழி ஒன்று இருக்கிறது. பள்ளத்தாக்கின் பண்ணை வீடுகளையும் கல் அடுக்கிய வேலிகளையும் தாண்டி, ஓடையின் மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு சின்னக் கல்பாலத்தைக் கடந்தால் ஜேக்கப்ஸ் லேடர் என்கிற செங்குத்து ஏற்றம். லேடர் என்றால் ஏணி. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே பண்ணை வைத்திருந்த ஜேக்கப் மார்ஷல் என்பவர் வெட்டிய படி என்கிறார்கள். குதிரை வளைந்து வளைந்து ஏறட்டும், ஆள் நேராகப் படியில் ஏறி மேலே காத்திருக்கலாம் என்பது ஏற்பாடு. இன்றைக்கும் அப்படித்தான். நடக்கிறவர்களுக்குப் படி. சைக்கிளுக்குக் குதிரை போன வளைவு வழி. ஏறினேன் என்று சொல்லமாட்டேன், தள்ளினேன். சிறு பல்லில் கியரைப் போட்டு மிதித்துப் பார்த்தேன். பின்சக்கரம் கல்லில் வழுக்கி முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. தம்பி மட்டும் பாதி தூரம் ஓட்டினான்.

அந்தக் கல்பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் இல்லாததற்குக் காரணம் உண்டு. பொதிக்குதிரையின் இரண்டு பக்கமும் தொங்குகிற மூட்டைகள் இடிக்கக்கூடாது. உப்பும் கம்பளியும் இந்த மலை வழியாகத்தான் போனது. ரயிலும் நல்ல சாலையும் வரும்வரை ஒரு தேசத்தின் சரக்கை இந்தக் குதிரைகளும் அவற்றை ஓட்டிய ஆட்களும்தான் சுமந்தார்கள். ஜேகர் என்று அந்த ஆட்களுக்குப் பெயர். பக்கத்திலேயே ஜேகர்ஸ் கிளஃப் என்று ஒரு பள்ளம் இருக்கிறது. மறுநாள் அதன் வழியாகவும் போனோம். கோட்டை கட்டிய பிரபுவுக்குப் பெயர் இருக்கிறது, சிலுவை நட்ட மடத்துக்குப் பெயர் இருக்கிறது. சரக்கைச் சுமந்தவனுக்குக் கிடைத்தது ஒரு பள்ளத்தின் பெயர். நம் பக்கத்து வரலாற்றை எழுதினாலும் இப்படித்தானே இருக்கும்.

‘வரலாற்றுச் சிறப்புமிக்க கிராமப்புறம்’ என்று சுற்றுலாக்காரர்கள் சொல்கிறார்களே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். பக்கத்துக் காசில்டன் ஊரில் குன்றின் மேல் பெவரில் கோட்டை நிற்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் கட்டியது. இந்த மலை முழுக்க அப்போது ராஜாவின் வேட்டைக் காடு. ஃபாரஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் மரம் நிறைந்த இடம் என்று அர்த்தம் இல்லை. ராஜாவின் வேட்டைச் சட்டம் செல்லுகிற இடம் என்றுதான் அர்த்தம். மரமே இல்லாத பொட்டலும் ஃபாரஸ்ட்தான், மான் ராஜாவுடையது என்றால். அப்புறம் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்களைப் பார்லிமெண்ட் சட்டம் போட்டே வேலி கட்டினார்கள். ஊர்க்காரன் மாடு மேய்த்த, கரி வெட்டிய, சுள்ளி பொறுக்கிய நிலம் பத்திரம் உள்ளவன் நிலமானது. நிலத்தை இழந்தவர்களில் எத்தனையோ பேர் மான்செஸ்டர் பஞ்சாலைக்குப் போனார்கள். அந்த ஆலையில் நூற்ற பஞ்சில் பெரும்பங்கு அமெரிக்காவில் கறுப்பின அடிமைகள் பறித்தது. வேலி போட்ட மலையில் பிரபுக்கள் குரௌஸ் என்கிற காட்டுக்கோழியைச் சுட்டு விளையாடினார்கள். கோழி கலைந்துவிடும் என்று மனிதர்களை உள்ளே விடவில்லை. தடியோடு காவலர்கள்.

ஏற்றம் முடிகிற இடத்தில், சுவரோரமாக, எடேல் கிராஸ் என்கிற இடைக்காலக் கற்சிலுவை நிற்கிறது. விழுந்து கிடந்ததை மறுபடி தூக்கி நிறுத்தியவர்கள் 1810 என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். கிளம்பும்போது தம்பி எனக்கு முன்னால் போனவன், வழி பிரிகிற இடத்தில் மேட்டுப் பக்கம் திரும்பிவிட்டான். நானும் பின்னாலேயே. எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கையில் ஊன்றுகோல், முதுகில் பை. கையை உயர்த்தினார்.

அவர் வாய் திறக்கும் முன்பே நான் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன்.

தம்பி இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று, “என்ன விஷயம்?” என்று கேட்டான். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். இது நடைவழி, சைக்கிளுக்கு உரிமை கிடையாது, நீங்கள் போகவேண்டிய குதிரைவழி அந்தப் பக்கம், என்று வழி காட்டிவிட்டு வானிலை பற்றி ஏதோ பேசிவிட்டுப் போனார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அதில் சாதியும் இல்லை, நிறமும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் என் கால் ஏன் தானாக இறங்கியது? ஐயாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம், ஒரு புளியமரத்தடியில் கற்றுக்கொண்ட பாடம் அது. புத்தகம் படித்து, கூட்டத்தில் பேசி, வழக்குக் கண்டு மாற்றிக்கொண்டதாக நினைத்ததெல்லாம் மூளையில்தான் போலிருக்கிறது. முழங்காலுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

அந்த நாட்டின் வழிச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பொதுவழிகள் நாலு வகை. நடைவழிக்கு மஞ்சள் அம்பு. குதிரைவழிக்கு நீல அம்பு. மோட்டார் தவிர மற்றெல்லாம் போகலாம் என்கிற வழிக்குக் கத்தரிப்பூ நிறம். எல்லா வண்டியும் போகிற வழிக்குச் சிவப்பு. நாலு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வேறொன்று. ஆனால் இது பிறப்பால் வந்த படிநிலை இல்லை. வண்டியை விட்டு இறங்கினால் அதே ஆள் எந்த வழியிலும் நடக்கலாம். எங்கள் பெரியப்பா சைக்கிளை விட்டு இறங்கினாலும் பறையர்தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக்கூடாது. எல்லாமே சாதி மாதிரிதான் என்று பேசுவது சாதியின் கொடூரத்தைக் குறைத்துக் காட்டுகிற வேலை.

குதிரைவழியில் சைக்கிள் போகலாம் என்ற உரிமையே 1968-ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டத்தில்தான் வந்தது. அதுவும் நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் ஒதுங்கி வழிவிடணும் என்கிற நிபந்தனையோடு. இன்றைக்கு இங்கிலாந்தின் பொதுவழிகளில் சைக்கிளுக்கு உரிமையுள்ளது ஏறத்தாழ 22 சதவீதம்தான். சரி, எந்த வழி நடைவழி, எந்த வழி குதிரைவழி என்று எப்படித் தீர்மானித்தார்கள்? மண் தாங்குமா, அகலம் இருக்கிறதா என்று பார்த்தா? இல்லை. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர் ஊராக வரைபடம் போட்டபோது, எந்த வழியில் எது போனதற்குச் சாட்சி இருந்தது, ஊர் மன்றத்தில் யார் என்ன சொன்னார், நிலக்காரர் எதை ஒப்புக்கொண்டார் என்பதை வைத்துத்தான். அதனால் லாரியே போகும்படியான அகலப் பாதை நடைவழியாகவும், சேறும் சகதியுமான ஒற்றையடி குதிரைவழியாகவும் பதிவாகியிருக்கிற இடங்கள் உண்டு. பதிவேட்டில் ஏறாத பழைய வழி 2026-க்குப் பிறகு செல்லாது என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. அப்புறம் 2031 என்று தள்ளிப்போட்டார்கள். 2024 டிசம்பரில் அந்தக் கெடுவையே எடுத்துவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது. காகிதத்தில் இல்லாதது தரையிலும் இல்லை என்றாகிற வித்தையைப் பஞ்சமி நிலத்தைத் தேடி அலைகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எடேல் கிராஸிலிருந்து ஹேஃபீல்ட் பக்கம் இறக்கம். பிரேக்கை விரலால் தொட்டும் தொடாமலும், உட்காராமல் பெடலில் நின்றபடி, முழங்காலை மடக்கி, உடம்பைப் பின்னால் தள்ளி இறங்கணும். பயந்து முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பான். கல் உருள்கிற சத்தமும் காற்றும்தான். சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒடுக்கப்பட்டவன் எழுதினால் வலியைத்தான் எழுதணும் என்று எதிர்பார்க்கிற விமர்சகர்களுக்காகவே சொல்கிறேன்: ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

இறக்கம் முடிந்து ஹேஃபீல்டை நெருங்கும்போது ஒரு பழைய கல்குவாரி. பௌடன் பிரிட்ஜ் என்று பெயர். பாறையில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, இந்தக் குவாரியில்தான் சில நூறு இளந்தொழிலாளர்கள் கூடினார்கள். தடைசெய்யப்பட்ட கிண்டர் ஸ்கவுட் மலைக்குள் திரண்டு அத்துமீறுவது என்பது திட்டம். கிண்டர் 636 மீட்டர் உயரம், அந்த வட்டாரத்தின் பெரிய மலை. முன்னே நின்று பேசியவர் பென்னி ராத்மன். வயசு 20. மோட்டார் கராஜில் வேலை பார்த்த யூதப் பையன். போலீஸ் மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தது. அவர் எப்படி வந்து சேர்ந்தார் தெரியுமா? சைக்கிளில். போலீஸ் பிளாட்பாரத்தில் நிற்க, இவர் நண்பரோடு சைக்கிள் மிதித்து ஹேஃபீல்ட் வந்துவிட்டார்.

மலையேறினார்கள். காவலர்களோடு கைகலப்பு. எடேல் பக்கமிருந்து ஏறிவந்த ஷெஃபீல்ட்காரர்களை மேலே சந்தித்தார்கள். இறங்கி வந்தபோது போலீஸ் காத்திருந்தது. ஆறு பேர் கைது. அத்துமீறி நடப்பது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றமே இல்லை, உரிமையியல் விவகாரம். ஆகவே கலகம், தாக்குதல், தூண்டுதல் என்று வேறு குற்றம் சாட்டினார்கள். வழக்கு டெர்பி நகரத்துக்குப் போனது. அங்கே ஜூரியில் உட்கார்ந்தவர்களில் ராணுவ அதிகாரிகளும் நிலமுள்ள கனவான்களும் நிறைந்திருந்தார்கள். ஐந்து பேருக்குச் சிறை, இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை. ராத்மனுக்கு நாலு மாதம்.

அன்றைக்கு இருந்த அதிகாரபூர்வ நடைச் சங்கங்களின் கூட்டமைப்பு இந்த அத்துமீறலை எதிர்த்தது என்பதையும் நாம் குறித்துக்கொள்ளணும். நிலப்பிரபுக்களோடு பக்குவமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இந்தப் பையன்கள் வந்து காரியத்தைக் கெடுக்கிறார்கள் என்றார்கள். பக்குவமாகப் பேசுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். (அதே 1932-இல், அதே 24-ஆம் தேதி, ஐந்து மாதம் கழித்துச் செப்டம்பரில், எரவாடா சிறையில் அம்பேத்கர் எதில் கையெழுத்துப் போட நேர்ந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். தேதி ஒத்துப்போனது தற்செயல். இருந்தாலும் அந்தப் பலகையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.)

பிறகு 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம். 2000-இல் மேய்ச்சல் மலைகளிலும் பொதுநிலங்களிலும் வழியை விட்டு விலகியும் நடக்கிற உரிமை. 2002-இல், அத்துமீறலின் 70-ஆம் ஆண்டு விழாவில், டெவன்ஷயர் பிரபு அதே ஹேஃபீல்டில் மேடையேறி, தன் தாத்தா அன்று செய்தது பெரும் தவறு என்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அந்த ஆண்டு ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார். மன்னிப்பு வந்து சேர்வதற்குள் ஆள் போய்விடுவது வழக்கம்தான்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பவருக்கு மட்டும்தான் உரிமை தந்தது. சைக்கிளுக்கு இல்லை. ராத்மன் சைக்கிளில் வந்து வாங்கித்தந்த மலையில் சைக்கிள் ஏறக்கூடாது. அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்றவர்களின் வாரிசுகள் இன்றைக்கு உள்ளே நின்றுகொண்டு ‘இறங்கு’ என்கிறார்கள். உரிமை பெற்றவர் அடுத்தவருக்குக் கோடு கிழிப்பது மனித சுபாவம் என்று விட்டுவிட நான் தயாரில்லை. அது அரசியல். மேலே ஏறியதும் ஏணியை உதைத்துத் தள்ளுகிற அரசியல்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. கிண்டர் மேட்டில் இருப்பது கரிமண். செடி அழுகி ஆயிரக்கணக்கான வருஷம் சேர்ந்த மண். இரு பக்கத்து ஆலைப்புகையும் அமில மழையும் தீயும் சேர்ந்து அதன் மேல்தோலை உரித்துவிட்டது. 2003-லிருந்து ஓடைகளை அடைத்தும் பாசி நட்டும் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஈரத்தில் டயர் போனால் தடம் வாய்க்காலாகும். குருட்டு வளைவில் சைக்கிள் பாய்ந்து வந்தால் கிழவருக்கு உயிர்ப்பயம். எல்லாம் சரி. அப்படியென்றால் மண்ணைப் பார்த்து, வளைவைப் பார்த்து, பருவத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். எழுபது வருஷத்துக்கு முந்தைய ஊர் மன்றக் குறிப்பைப் பார்த்து அல்ல. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் ஒரே உரிமை தந்தது, பொறுப்போடு நடந்துகொள்ளணும் என்ற ஒரே நிபந்தனையோடு. மலை ஒன்றும் கரைந்துபோய்விடவில்லை. இந்தப் பக்கத்திலேயே கட் கேட் என்கிற பழைய சந்தை வழி சேறாகிக் கிடந்தபோது, 2018-இல் அதைச் சரிசெய்ய மவுண்டன் பைக்காரர்கள்தான் மலையேறிகளோடு சேர்ந்து காசு திரட்டினார்கள். கெடுக்கிறவன் என்று பெயர் வாங்கியவன்தான் செப்பனிட முன்வந்தான்.

மறுநாள் ஜேகர்ஸ் கிளஃப் வழியாக ஹோப் கிராஸ் போய், அங்கிருந்து மரம் அடர்ந்த சரிவில் லேடிபவர் நீர்த்தேக்கப் பக்கம் இறங்கினோம். ஹோப் கிராஸ் என்பது 1737 என்று பொறித்த வழிகாட்டிக் கல். அதை ஒட்டிப் போவது ரோமானியர் கோட்டைக்குக் கோட்டை போட்ட சாலை. கீழே காட்டின் நிழல் அமைதியாக இருக்கிறது. நீருக்கடியில் டெர்வென்ட், ஆஷப்டன் என்று இரண்டு ஊர்கள் கிடக்கின்றன. நகரங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1940-களில் மூழ்கடித்த ஊர்கள். இதையெல்லாம் கடந்துதான் ‘இயற்கையான’ மலைச் சவாரி போகிறது.

இந்த விளையாட்டு எங்கே பிறந்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே கதையைச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி, டமால்பைஸ் மலை. 1976 அக்டோபரில் ரீபேக் என்ற பந்தயம். தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை ஓட்டிக்கொண்டு முடி வளர்த்த பையன்கள் சரிவில் பாய்ந்தார்கள். ஒரு தடவை இறங்கினாலே பின்பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோகும், மறுபடி அடைக்கணும், அதனால் அந்தப் பெயர். 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஃபிரேம் கட்டினார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1981-இல் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. பொய்யில்லை, இந்தச் சாமானின் கதை அதுதான். ஆனால் மலையில் சைக்கிள் ஓட்டியதன் கதை அது அல்ல.

1896-இல் அமெரிக்க ராணுவத்தின் 25-ஆம் காலாட்படை, முழுக்கக் கறுப்பினச் சிப்பாய்கள் கொண்ட படை, மொன்டானா மாநிலத்தின் மிசோலா கோட்டையில் சைக்கிள் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. குதிரைக்குப் பதில் சைக்கிள் உதவுமா என்று சோதனை. அதிகாரி மட்டும் வெள்ளைக்காரர், லெஃப்டினன்ட் மாஸ். 1897 ஜூன் 14-இல் இருபது கறுப்பினச் சிப்பாய்கள் ராக்கி மலையைத் தாண்டி செயின்ட் லூயிஸ் நோக்கிக் கிளம்பினார்கள். சுமார் 1,900 மைல். கியர் கிடையாது, சஸ்பென்ஷன் கிடையாது. துப்பாக்கி, கூடாரம், சாப்பாடு எல்லாம் சைக்கிளிலேயே. பனி, சேறு, மணல். சேற்றில் உருட்ட முடியாத இடத்தில் தண்டவாளக் கட்டைகள் மேல் ஓட்டினார்கள். ஜூலை 24-இல் போய்ச் சேர்ந்தார்கள். ராணுவம் பாராட்டிவிட்டு ரயிலில் திருப்பி அனுப்பியது, திட்டத்தையும் மூடியது.

அந்த இருபது பேரில் ஒருவர் மிங்கோ சாண்டர்ஸ். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர், குழுவில் மூத்தவர். 1906-இல் டெக்சாஸின் பிரௌன்ஸ்வில் நகரத்தில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுக்கு, விசாரணை மன்றம் எதுவும் இல்லாமலே, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 167 கறுப்பினச் சிப்பாய்களை அவமதிப்போடு வேலைநீக்கினார். அதில் சாண்டர்ஸும் ஒருவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு ஓய்வூதியம் இல்லை. அவர் 1929-இல் இறந்தார். அந்தச் சிப்பாய்கள் குற்றமற்றவர்கள் என்று ராணுவம் 1972-இல் அறிவித்தது.

1894-இல் அமெரிக்காவின் பெரிய சைக்கிள் சங்கமான லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி போட்டது. அதை முறைப்படி ரத்து செய்தது 1999-இல். நூற்றைந்து வருஷம். இடையில் 1899-இல் உலக சாம்பியனான கறுப்பின வீரர் மேஜர் டெய்லர் 1932-இல் சிகாகோவின் தர்ம ஆஸ்பத்திரியில் செத்தார். முதலில் அடையாளமில்லாத குழியில்தான் புதைத்தார்கள். அதே 1894-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சோசலிஸ்டுகள் கிளாரியன் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகத் துண்டுப் பிரசுரம் கொண்டுபோனார்கள். ரொம்பக் கொண்டாட வேண்டாம். அந்தக் கிளாரியன் பத்திரிகையை நடத்திய ராபர்ட் பிளாட்ச்ஃபோர்ட் போயர் யுத்தத்தில் சாம்ராஜ்யத்தின் பக்கம் நின்றார். சோசலிசம் கடற்கரையோடு நின்றுவிட்டது.

அந்த இரண்டு நாளில் மலையில் நாங்கள் பார்த்த சைக்கிள்காரர்களில் எங்களைத் தவிர எல்லாரும் வெள்ளையர். யாரும் தடுக்கவில்லை, நிறையப் பேர் வணக்கம் சொன்னார்கள். ஷெஃபீல்டிலேயே 2004-இல் கறுப்பின ஆண்கள் சிலர் நடைக்குழு ஒன்று தொடங்கி இந்த மலைகளில் நடந்துவருகிறார்கள். கூட்டமாய்ப் போனால்தான் கால் பழகும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. வைக்கத்தில் 1924-இல் கோயிலைச் சுற்றின தெருவுக்காகச் சிறை போனவர்களுக்கும், 1990-களில் புதுக்கோட்டையில் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

நம் தோழருக்கு நான் சொன்னதும் இதுதான். மவுண்டன் பைக் வாங்கச் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர், புல்லட் ஓட்டியதற்காகத் தன் கையை வெட்டினார்கள் என்று புகார் தந்தார். மூன்று பேர் கைதானார்கள். பெரியப்பா காலத்துச் சைக்கிள் புல்லட்டாகியிருக்கிறது. தெரு மாறவில்லை. இங்கிலாந்துக்காரனிடம் எந்த வழியில் எது போகலாம் என்று வரைபடமாவது இருக்கிறது, அதைக் காட்டி வழக்காடலாம். நம்மிடம் அதுகூட இல்லை. இருக்கிற தடை எல்லாம் வாய்மொழி.

ஆகவே மாணவத் தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் ஊரில் எந்தத் தெருவில், எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை, யார் இறங்கி நடக்கிறார்கள் என்று ஒரு தாளில் படம் போடுங்கள். இன்றைக்கும் இறங்குகிறவர்கள், ஒரு காலத்தில் இறங்கியவர்கள், இறங்க மறுத்து அடி வாங்கியவர்கள், எல்லாரிடமும் கேட்டு வருஷத்தோடு எழுதுங்கள். பெரியவர்கள் செயின் கழண்டது என்றுதான் முதலில் சொல்வார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். படங்களை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள், போடுகிறோம்.